கடலூர் டிஃபென்ஸ் காரிடாரில் இல்லையே, இங்கே சிறு பட்டறை வைத்திருப்பவர் ராணுவ, விமான உதிரிபாக ஆர்டர் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். டிஃபென்ஸ் காரிடார் என்பது ராணுவ, விமானத் தொழிலை வளர்க்கும் திட்டம், வேலி இல்லை. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள்தான் உண்டு. கடலூருக்கு இடமில்லாததால் நாம் இழப்பது, தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ அமைக்கும் தொழில் பூங்காவின் பக்கத்து வசதிகள். ஆர்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலை டெண்டர் விட்டால் உங்கள் பின்கோடைப் பார்த்துத் தள்ளிவிட மாட்டார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஒரு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி (கணினியில் ஓடும் மில்லிங் மெஷின்), நெய்வேலிக்கும் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளுக்கும் பம்ப் ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் வேலை. அப்படியென்றால் கைவேலை உங்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பேப்பரிலும் மெட்டீரியலிலும்தான்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று ஒன்றிய அரசிடம் பதிவது. குறு, சிறு நிறுவனம் என்றால் பெரும்பாலான டெண்டர்களில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். ஒன்றிய அரசு நிறுவனங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதம் நம்மைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்து பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரிஜன் இணையதளம். விமானம் செய்யும் எச்ஏஎல், பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்), ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட டாங்கி நிறுவனமான ஏவிஎன்எல் போன்ற நிறுவனங்கள் இதுவரை இறக்குமதி செய்த பாகங்களை அதில் பட்டியல் போடுகின்றன. உங்கள் மெஷினில் அடங்குகிற சைஸ், தெரிந்த உலோகம், ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாதது என்று வடிகட்டி, நாலைந்து பாகத்துக்கு மட்டும் விருப்பம் தெரிவியுங்கள். நிறைய பாகங்களுக்கு டிராயிங் கிடைக்காது, சாம்பிள்தான் காட்டுவார்கள். வருடத்துக்கு எத்தனை பீஸ் தேவை என்பதைக் கேட்காமல் விலை கொடுக்காதீர்கள். பத்து இருபது பீஸ்தான் என்றால் ஃபிக்சர், கேஜ் செலவைத் தனி வரியாகப் போடுங்கள். பீஸ் விலைக்குள் அதை ஒளித்து வைத்தால் அடுத்த ஆர்டர் வராமல் போகும்போது மொத்தமும் உங்கள் தலையில் விழும்.

'ஐடெக்ஸில் 1.5 கோடி தருகிறார்களாமே' என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஐடெக்ஸ் என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியுதவித் திட்டம், புதுத் தொழில்நுட்பம் உருவாக்குகிற ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும். அதிலும் உங்கள் பங்கையும் போட வேண்டும். இருக்கிற டிராயிங்குக்குப் பாகம் கடைவதற்கு அது கிடைக்காது.

இப்போது மெட்டீரியல். பாரில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்கிற எண்) ஒரு முனையில்தான் குத்தியிருக்கும். ரம்பத்தில் முதல் துண்டு போட்டதும் அந்த முனை போய்விட்டால் மீதி ஐந்தடி பார் அநாதை. அறுப்பதற்கு முன்பே நம்பரை மீதி பாரில் பஞ்ச் அடித்து, வேலையோடு கூடவே போகும் ரூட் கார்டிலும் எழுதிவிட வேண்டும். டெஸ்ட் பீஸுக்காக அதே ஹீட்டில் கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். இன்ஸ்பெக்டர் டென்சைல் ரிப்போர்ட் கேட்கும்போது வேறு பாரிலிருந்து வெட்டிக் கொடுத்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

அலுமினியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிராயிங்கில் 7075-டி73 என்று இருக்கும். கடையில் டி6 எடுத்துக் கொடுத்து 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்பார்கள். கெமிக்கல் டெஸ்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் கலவை ஒன்றே, ஹீட் ட்ரீட்மென்ட்தான் வேறு. மின்கடத்து திறனைப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்: டி73 குறைந்தது 38 சதவீதம் ஐஏசிஎஸ் (செம்பை 100 என்று வைத்த அளவு) காட்ட வேண்டும், டி6 சுமார் 33-இல் நிற்கும். டி6 வலு அதிகம்தான், ஆனால் இழுவிசையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் விரிசல் விடும். டி73 கேட்பதே அதனால்தான்.

அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு வளர்க்கும் அனடைசிங்கில் அடிபடாத புதியவர் குறைவு. 50 மைக்ரான் ஹார்ட் அனடைசிங் போட்டால் அதில் பாதி உலோகத்துக்குள் போகும், பாதி வெளியே வளரும். ஆகவே ஒரு துளையின் விட்டம் 50 மைக்ரான் சுருங்கும். 20 மில்லி விட்டத்தில் எச்7 என்ற துல்லியத் தரம் கேட்கும் துளைக்கு மொத்த டாலரன்ஸே (அனுமதித்த அளவு வித்தியாசம்) 21 மைக்ரான். மெஷினில் கோ-நோகோ கேஜ் சோதனையில் (கோ முனை துளையில் இறங்க வேண்டும், நோகோ முனை இறங்கக் கூடாது) தேறிய பீஸ், பூச்சு முடிந்து வந்ததும் கோ கேஜையே உள்ளே விடாது. டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்பா பின்பா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கடினமான எஃகுக்கு, அதாவது ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 40-க்கு மேல், காட்மியம் பிளேட்டிங் என்றால் முடிந்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்றி, 190 டிகிரியில் 23 மணி நேரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாமல், பாரம் ஏறிய சில நாளில் போல்ட் சத்தமில்லாமல் ஒடியும். அம்பத்தூரில் பிளேட்டிங், கடலூரில் ஓவன் என்ற கணக்கு இங்கே செல்லாது. லாரி திண்டிவனம் தாண்டுவதற்குள் நேரம் போய்விடும். இரண்டும் ஒரே கூரையில் நடக்கிற இடமாகப் பாருங்கள்.

அளவெடுப்பது 20 டிகிரிக்கு. நம் கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் 35 டிகிரி சாதாரணம். 200 மில்லி அலுமினிய பீஸ் அதில் 69 மைக்ரான் நீளும். எஃகு மைக்ரோமீட்டரும் சேர்ந்து சூடாவதால் பாதி கழிந்துவிடும், மீதிப் பாதி உங்கள் டாலரன்ஸைத் தின்னும். மெஷினுக்கு ஏசி வேண்டாம், இன்ஸ்பெக்ஷன் அறைக்குக் கட்டாயம் வேண்டும். பீஸை அந்த அறையில் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு அளவெடுங்கள்.

பறக்கும் பாகத்துக்குப் போக விரும்பினால் ஐஎஸ்ஓ 9001-க்கு மேல், விமானத் தொழிலுக்கான தரச் சான்றான ஏஎஸ்9100 வேண்டும். முதல் பீஸைச் சோதிப்பதற்கான ஏஎஸ்9102 விதிப்படி மூன்று படிவங்கள்: பாகம், மெட்டீரியலும் பிராசஸும், டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவும். உற்பத்தி இரண்டு வருடம் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் டாங்கி, வாகன ஸ்பேரில் ஒரு வருடம் கை பழகிவிட்டு விமானத்துக்குப் போங்கள் என்பதே என் கருத்து. 'தேஜஸுக்கே நேராகச் செய்யலாமே' என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. நான்கு மாதம் வருமானமில்லாமல் பேப்பர் மட்டும் தயாரிக்கத் தெம்பிருந்தால் செய்யுங்கள்.

பணம். சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு இருந்தால்தான் இது செல்லும். ஆனால் ஆர்டர் தருகிறவர் மேல் யார் பாக்கிப் புகாருக்கான சமாதான் போர்ட்டலில் புகார் போடப் போகிறார்கள்? டிரெட்ஸ் என்ற இணையதளத்தில் பில்லைக் காட்டி, கொஞ்சம் கழித்துக்கொண்டு முன்கூட்டியே பணம் வாங்குவதுதான் நடைமுறை. தாமத அபராதமும் கவனம். வழக்கமாக வாரத்துக்கு அரை சதவீதம், உச்சம் 10. 2025 நவம்பரில் அமலான பாதுகாப்பு அமைச்சகத்தின் புதிய கொள்முதல் கையேட்டில் உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் பாகங்களுக்கு, உருவாக்கும் கட்டத்தில் அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆர்டர் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், விட்டுவிடுவதும் உண்டு.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்று: மேட்டுப்பாளையம், சேதராப்பட்டில் பட்டறை இருந்தால் தமிழ்நாட்டின் 2022 விமான, பாதுகாப்புத் தொழில் கொள்கையின் சலுகைகள் உங்களுக்குக் கிடையாது. உத்யம், ஸ்ரிஜன், டிரெட்ஸ் எல்லாம் உண்டு.

நான் எந்த அரசுக்கும் வக்காலத்து வாங்கவில்லை, கமென்டில் கட்சிக் கொடியைத் தூக்க வேண்டாம். குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் ரயிலைச் சொல்வேன். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபது சொச்சம் கிலோமீட்டர். ரயிலில் போக விழுப்புரம் சுற்ற வேண்டும். கிழக்குக் கடற்கரைப் பாதை என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், ஒரு தண்டவாளத்தையும் காணோம். ஓசூருக்கு அனுப்புகிற பெட்டி என்னவோ லாரியில்தான் போகும், அதில் சிலிக்கா ஜெல்லும் துருத்தடுப்புத் தாளும் வைக்க மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் எண்ணெய் தடவாத எஃகு ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும்.