மார்கழிக் குளிரும் மீன் தொட்டியின் கரண்ட் பில்லும்

மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்குக் கீசர் பற்றித்தான் கேள்விகள் வரும். இந்த முறை மீன் வளர்ப்பவர்கள் முந்திக்கொண்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 2 அடி தொட்டி இருக்கிறது. கப்பி, மோலி, ஒரு ஜோடி ஏஞ்சல் வளர்க்கிறோம். குளிர்காலத்துக்கு 200 வாட் ஹீட்டர் போடச் சொல்கிறார் கடைக்காரர். போன தடவை கரண்ட் 480 யூனிட் ஓடியது. ஹீட்டர் போட்டால் 500-ஐத் தாண்டிவிடும் என்று வீட்டுக்காரர் முறைக்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருநகர்

பதில்: அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறதம்மா. இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த குறைந்த விலையும் கைவிட்டுப் போய்விடும். அதனால் உங்களுக்கு இருக்கும் இடம் 20 யூனிட்தான். அதற்குள் மீனைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் ஹீட்டரை விட்டுவிட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற பட்டை வேண்டாம், தண்ணீருக்குள் நிற்கிற வகை போதும், விலை பெரிதாக இருக்காது. நாலு நாள் விடியற்காலை ஐந்தரைக்கும் மத்தியானம் மூன்றுக்கும் பார்த்துக் குறித்து வையுங்கள். மதுரையில் மார்கழி, தை ராத்திரியில் வெளியே 20, 21 டிகிரிக்கு இறங்கும். வீட்டுக்குள் அவ்வளவு இறங்காது, பகல் வெயிலில் சூடேறிய கான்கிரீட் அதை விடாது. தொட்டித் தண்ணீர் விடியும்போது 23-க்குக் கீழே போகவில்லை என்றால் கப்பிக்கும் மோலிக்கும் ஹீட்டர் தேவையே இல்லை. ஏஞ்சலுக்கு மட்டும் 24, 25 இருந்தால் நல்லது.

அப்படியே ஹீட்டர் போட்டாலும் 50 வாட் போதும். உங்கள் தொட்டியில் 60 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்று ஒரு கணக்கு உண்டு, அது குளிர் நாட்டுக்காரர்கள் போட்டது. இங்கே அறைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். 200 வாட் போட்டால் நான்கு மடங்கு கரண்ட் இழுக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வைத்த டிகிரி வந்ததும் ஹீட்டரைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் வேலை செய்தால் பெரியது சீக்கிரம் சுட்டு நின்றுவிடும், சின்னது மெதுவாகச் சுடும், யூனிட் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்ளும் ராத்திரியில் தெரியும். 60 லிட்டரில் 200 வாட் நிற்காமல் ஓடினால் தொடக்கத்தில் மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். விடியும்போது தொட்டியில் இருப்பது மீன் குழம்புதான்.

25-இல் வைத்தால் 50 வாட் ஹீட்டர் நடுராத்திரியிலிருந்து காலை வரை சுமார் ஆறு மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 0.3 யூனிட், 60 நாளைக்கு 18 யூனிட். 480-உம் 18-உம் 498. நூலிழைதான். அதனால் தொட்டி விளக்கில் கை வையுங்கள். நிறைய வீடுகளில் அது காலை காபியிலிருந்து ராத்திரி சீரியல் முடியும் வரை எரிகிறது. 20 வாட் விளக்கை 15 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரு டைமர் பிளக் போட்டுவிடுங்கள். மீனுக்கும் இருட்டு வேண்டும், பாசியும் குறையும்.

கேள்வி: செலவைக் குறைக்க ராத்திரி பத்து மணிக்கு ஃபில்டரை நிறுத்திக் காலையில் போடுகிறேன். தொட்டி அடிக்கடி நாறுகிறது. சம்பந்தம் உண்டா?
– வாசகர், வில்லாபுரம்

பதில்: உண்டு சார். ஃபில்டர் என்பது குப்பையைப் பிடிக்கும் சல்லடை மட்டுமில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் அதற்குக் காற்று போய்ச் சேராது. தினம் எட்டு மணி நேரம் மூச்சடைத்தால் எது பிழைக்கும்? காலையில் சுவிட்சைப் போட்டதும் பஞ்சுக்குள் ராத்திரி அழுகியதெல்லாம் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. நாற்றம் அதுதான்.

ஆனால் நீங்கள் சந்தேகப்பட்ட ஆள் சரியான ஆள். மதுரையில் மீன் தொட்டிக் கரண்டைத் தின்பது பெரும்பாலும் ஹீட்டர் இல்லை, வருடம் முழுக்க 24 மணி நேரமும் ஓடும் பம்ப். தொட்டிக்குள் நிற்கிற பவர் ஃபில்டர் 35 வாட் என்றால் நாளைக்கு 0.84 யூனிட், இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். அதே அளவு சின்னத் தொட்டிக்கு 5 வாட் ஏர் பம்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றுக் குமிழியால் தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுப்பது) மாட்டினால் 7 யூனிட்டில் முடிந்துவிடும். கொஞ்சம் குமிழிச் சத்தம் வரும், பார்வைக்கும் அழகாக இருக்காது. எனக்கு அது பரவாயில்லை, உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றும்போது பழையதை உடனே கழற்றாதீர்கள். மூன்று நாலு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும், பாக்டீரியா புதுப் பஞ்சுக்குக் குடி வரட்டும்.

வாங்கும்போது மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கும் என்பதை மட்டும் கேட்காமல் எத்தனை வாட் என்று கேளுங்கள். டப்பாவில் போட்டிருப்பதை நம்ப முடியவில்லையா? வீட்டு மின் மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், 3200 என்று இருக்கலாம், வேறு எண்ணாகவும் இருக்கலாம். ஃபிரிட்ஜ், செட் டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி, அந்தப் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 16 தடவை மினுக்கினால் 30 வாட்.

கேள்வி: கோல்டு ஃபிஷ்ஷுக்கு எந்த ஹீட்டர் நல்லது?
– கல்லூரி மாணவி, அனுப்பானடி

பதில்: எதுவும் வேண்டாம். அது கெண்டைக்குச் சொந்தக்கார மீன், குளிர்த் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். மதுரையில் அதற்குக் கஷ்டம் சித்திரையில்தான். அந்தக் காசைப் பெரிய தொட்டிக்குச் சேர்த்து வை.

கேள்வி: ஃபிளவர் ஹார்ன் வளர்க்கிறேன் அண்ணே. 4 அடி தொட்டி. 28-க்குக் கீழே போனால் மூலையில் ஒதுங்கிவிடுகிறது, சாப்பிடுவதில்லை. 300 வாட் ஹீட்டர் பகலிலும் ஓடுகிறது. கட்டுப்படியாகவில்லை.
– உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, இந்த மீனுக்கு ஹீட்டரைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். சூடு வெளியே போகிற வழியை அடைப்போம். முதல் வழி மேல்பக்கம். திறந்த தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். வாரம் ஒரு குடம் ஊற்ற வேண்டியிருக்கிறதா? அந்தக் குடத்தோடு உன் கரண்டும் போகிறது. கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வெட்டி மூடு, காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி விடு.

அடுத்து, பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் தெர்மாகோல். புது டிவி வந்த பெட்டியில் இருந்ததே போதும். தை பிறக்கும் வரை முன்கண்ணாடியையும் ராத்திரி ஒரு பழைய போர்வையால் மூடலாம், ஆனால் அது மோட்டாரிலோ பிளக்கிலோ படக் கூடாது. தொட்டி ஜன்னலை ஒட்டி இருந்தால் உள்சுவர்ப் பக்கம் மாற்று. ஏசி அறை வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மாற்றுவதைக் காலையில் செய்யாதே. மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், அதைப் பிடி. மார்கழிக் காலையில் போர் தண்ணீர் கைக்குச் சூடாகத் தெரியும், அதுவும் நல்லதுதான். குழாயில் குளோரின் தண்ணீர் வந்தால் ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்று. எதுவானாலும் தெர்மாமீட்டரை நனைத்துப் பார். திடீரென்று சூடு இறங்கினால் வெள்ளைப் புள்ளி நோய்க்கு அதுவே வழி.

இன்னொன்று. தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடு. நான் ஒருமுறை மறந்துபோய் பாதித் தண்ணீரை இறக்கினேன். வெளியே தெரிந்த கண்ணாடிக் குழாய் பட்டென்று வெடித்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது. குளிக்க வெந்நீர் போடும் ராடைத் தொட்டியில் வைக்கலாமா என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கூடவே கூடாது.

கேள்வி: வாங்கிப் பதினாறே நாளில் ஹீட்டர் நிற்காமல் ஓடி ஆறு மீன் செத்துவிட்டன. "மீன் சாமானுக்கு வாரண்டி கிடையாது, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். பில்லும் வெறும் துண்டுச் சீட்டுதான்.
– வாசகர், மேலூர்

பதில்: வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதுவரை, போடவில்லை என்றால் 30 நாள். நீங்கள் பதினாறாவது நாளில் இருக்கிறீர்கள், தள்ளிப் போடாதீர்கள். முறையான பில் தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஜிபே மாதிரி எதிலாவது கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சி.

செத்த மீனையும், தெர்மாமீட்டர் காட்டும் அளவையும், ஹீட்டரில் நீங்கள் வைத்திருந்த டிகிரியையும் படம் எடுத்தீர்களா? இல்லையென்றால் ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, பக்கத்திலேயே இருந்து, வைத்த டிகிரியைத் தாண்டி ஏறுவதை வீடியோ எடுங்கள். பிறகு கடைக்காரருக்கு ஒரு கடிதம், ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நானூறு ரூபாய் ஹீட்டருக்கு அவ்வளவு தூரம் அலைவீர்களா என்பது உங்கள் இஷ்டம், நான் கடிதத்தோடு நிறுத்திவிடுவேன்.

அடுத்த ஹீட்டர் வாங்கும்போது டப்பாவில் விலையும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்ததும் மீன் இல்லாத வாளியில், நீங்கள் விழித்திருக்கும் ஒரு முழுப் பகல் ஓடவிட்டு, சரியான டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு தொட்டியில் இறக்குங்கள்.