சிஸ்டர் பதில்கள்: எந்த நஞ்சுக்கு எந்த மருந்து?

தாதி மாணவர்களின் கேள்விகளுக்கு, மட்டக்களப்பில் ஓய்விலிருக்கும் வாட் சிஸ்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டெஸ்டில் நஞ்சையும் முறிமருந்தையும் கோடு கீறி இணைக்கச் சொன்னார்கள். ஓர்கனோபொஸ்பேட்டுக்கு நான் அத்ரோப்பின் என்று கீறினேன். பக்கத்தில் இருந்தவள் பிரலிடொக்சிம் என்று கீறினாள். இரண்டுக்கும் புள்ளி போட்டிருக்கிறார்கள். எது சரி சிஸ்டர்?
– தாதி மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டும் சரிதான் மகள், ஆனால் வேலை வேறு வேறு. நரம்பு முனையில் சுரக்கிற அசெற்றைல்கொலினை ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளாமைக்கு அடிக்கிற அந்தப் பூச்சிமருந்து நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அசெற்றைல்கொலின் குவிந்து, வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு நிறையச் சளி, புள்ளியாய்ச் சுருங்கிய கண்மணி, இறங்கிப்போன நாடி என்று ஆள் வந்து சேருவார். அத்ரோப்பின் அந்த நொதியைத் தொடாது. சுரப்பைக் கூட்டுகிற ஏற்பிகளை மட்டும் அடைக்கும். நொதியில் ஒட்டிய நஞ்சைக் கழற்றப் பார்ப்பது பிரலிடொக்சிம், அதுவும் பிடி இறுக முன்னர் கொடுத்தால். ஆனால் நம் நாட்டிலேயே, அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் அதனால் உயிர்ச்சேதம் குறைந்ததாகக் காணவில்லை. அத்ரோப்பினில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பரீட்சைத்தாள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: அத்ரோப்பின் எவ்வளவு போனால் போதும்? நம் அம்பியூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். பெரியவருக்கு முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது மூன்றிலிருந்து ஐந்து அம்பியூல். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் டொக்டர் இரட்டிப்பாக்குவார். உடைத்துப் போட்ட அம்பியூல் ட்ரேயில் குவியக் குவியப் புதுப் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். நடுங்க வேண்டாம். நெஞ்சில் இரைச்சல் அடங்க வேண்டும், நாடி 80க்கு மேல், சிஸ்டொலிக் பிரஷர் 80க்கு மேல், கக்கம் காய வேண்டும். கையுறையோடு கக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்னும் காணாது. கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்துகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். மறுபக்கம், ஆள் பிதற்றி, உடம்பு கொதித்து, குடல் சத்தம் நின்று, சிறுநீரும் போகாவிட்டால் மருந்து கூடிவிட்டது.

இன்னொன்று. முதல் நாள் தேறினவரை வாட்டின் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். 24 மணியிலிருந்து 96 மணிக்குள் தசைகள் சோரலாம். அதற்கு அத்ரோப்பின் உதவாது. ஒவ்வொரு முறை பிரஷர் பார்க்கும்போதும் "தலையணையில இருந்து தலையத் தூக்குங்க பாப்பம்" என்று சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால் அடுத்தது மூச்சு. நடுச்சாமம் என்றாலும் டொக்டரை எழுப்புங்கள்.

கேள்வி: களைநாசினி குடித்து வந்தவருக்கு உதடு நீலம். ஒட்சிசன் எவ்வளவு கொடுத்தும் விரல் மெஷினில் 85தான். பிறகு நீல நிற ஊசி போட்டார்கள். ஏன்?
– தாதி மாணவி, அக்கரைப்பற்று

பதில்: புரொப்பனிலாக இருக்க வேண்டும், நெல் வயலுக்கு அடிக்கிற களைநாசினி. அது ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும்; அதனால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. எடுத்த இரத்தம் சொக்லேட் நிறத்தில் இருந்திருக்குமே, பார்த்தீர்களா? அந்த இரத்தத்தில் விரல் மெஷின் 85 பக்கத்திலேயே நின்றுவிடும், அதை நம்பக் கூடாது. முறிமருந்து மெதிலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், ஐந்து நிமிடமாக மெதுவாக. ஜீ6பீடி என்கிற, சிவப்பணுவைக் காக்கிற நொதி குறைந்தவருக்கு ஆபத்து என்பதால் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும் என்று வீட்டாருக்கு முன்னரே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்டே அல்லோலகல்லோலப்படும்.

பரக்குவாட்டும் களைநாசினிதான், அதற்கு முறிமருந்தே கிடையாது. கண்டபடி ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் பழுதாகும். 2008இலிருந்து நம் நாட்டில் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள், நல்ல காரியம்.

கேள்வி: பனடோல் கூடப் போட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு விடுங்கள்" என்கிறார். பார்த்தாலும் சுகமாகத்தான் இருக்கிறார்.
– தாதி மாணவி, வாழைச்சேனை

பதில்: விடாதீர்கள். முதல் நாள் கொஞ்சம் சத்தி, அவ்வளவுதான். ஈரல் பழுது இரண்டாம் மூன்றாம் நாள்தான் தெரியவரும். இதற்கு முறிமருந்து என்-அசெற்றைல்சிஸ்டீன், 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எனவே எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத் தாயிடம், கூடப்பிறந்தவர்களிடம், தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ட்ரிப் ஏறத் தொடங்கியதும் முகம் சிவந்து சொறிந்தால் நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அடங்கியபின் மெதுவாக மறுபடி ஏற்றலாம்.

கேள்வி: பாம்புக்கடிக்கு ஒரே ஊசி எல்லாப் பாம்புக்கும் கேட்குமா சிஸ்டர்?
– தாதி மாணவன், வெல்லாவெளி

பதில்: இல்லைத் தம்பி. இந்தியாவிலிருந்து வருகிற அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், சுருட்டை விரியன், நம் ஆட்கள் முத்திரைப் புடையன் என்கிற கண்ணாடி விரியன் ஆகிய நாலுக்கும்தான். சிங்களத்தில் குனகட்டுவா என்கிற கூன்மூக்கு விரியனுக்குக் கேட்காது. பாம்பை அடித்து சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். செத்த பாம்பென்றாலும் தலைப்பக்கம் கை வைக்காதே. 20 நிமிட இரத்தம் உறையும் சோதனைக்குச் சோப்புப் போட்டுக் கழுவாத, புதுக் கண்ணாடிக் குழாய் எடு. ஊசி தொடங்க முன், அதற்கு ஒவ்வாமை வந்தால் தசைக்குப் போட, அட்ரினலின் 0.5 மில்லிகிராம் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: மெதொட்ரெக்சேட் கூடினால் போலிக் அசிட்தானே?
– தாதி மாணவி, கல்முனை

பதில்: போலினிக் அசிட். போலிக் அசிட் வேலை செய்யத் தேவையான நொதியைத்தான் மெதொட்ரெக்சேட் அடைத்துவைத்திருக்கிறது. போலினிக் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுத்தான் பெரும்பாலும் கூடுகிறது. சார்ட்டில் எந்தக் கிழமை என்று எழுதி, மற்ற ஆறு நாள் கட்டத்தையும் கோடு கீறி அடைத்துவிடுங்கள்.