வாசகர் கேள்வி: நூரெம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை

கேள்வி: கணவர் மியூனிக்கில் வேலை பார்க்கிறார். டிசம்பர் 25 அன்று இருவரும் நூரெம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போய் இரண்டு நாள் தங்க ஆசை. குளிருக்கு என்ன எடுத்துச் செல்வது? நான் சுத்த சைவம்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள், சகோதரி. அந்தச் சந்தை 24-ஆம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும். 25, 26 இரண்டும் ஜெர்மனியில் அரசு விடுமுறை, கடைகளும் திறக்காது. டிசம்பர் இரண்டாவது வாரம் போங்கள். வார இறுதியில் நெரிசல் அதிகம், வெள்ளி காலையிலேயே சேர்ந்துவிடுவது நல்லது. மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும். விளக்கொளியில் சந்தை அழகோ அழகு.

நம்மூர் மார்கழிப் பனிக்குப் போடும் ஸ்வெட்டர் அங்கே போதாது. உடம்போடு ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து குளிரை ஏற்றும். மெல்லிய கம்பளி அல்லது தெர்மல் உள்ளாடை, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். தடித்த காலுறையோடு இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும்.

சாப்பாட்டில், அந்த ஊரின் பெயர்பெற்ற சிறு தொத்திறைச்சி (சாசேஜ்) பன்றிக்கறி. உருளைக்கிழங்கு அடையிலும் லெப்கூகன் கேக்கிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும், கேட்டு வாங்குங்கள். வறுத்த செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் தாராளமாகச் சாப்பிடலாம். சூடான க்ளூவைன் மதுதான். 'கிண்டர்புன்ஷ்' என்று கேட்டால் மது இல்லாத பழச்சாறு. கோப்பைக்கு வாங்கும் முன்பணத்தை, திருப்பித் தந்ததும் கொடுத்துவிடுவார்கள்.

ஜெர்மனிக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.