இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொது நூலகம் உண்மையிலேயே இலவசமா? செலவை யார் ஏற்கிறார்கள்? புதிதாகக் குடியேறுபவர்களும் சேரலாமா?

சேரலாம், இலவசம்தான். விசா என்ன வகை, எத்தனை வருடம் இருப்பீர்கள் என்றெல்லாம் என்னிடம் யாரும் கேட்டதில்லை. பெயரும் முகவரியும் உள்ள ஒரு காகிதம் கையில் இருந்தால் போதும். தெற்கு லண்டனில் 4 வருடமும், அப்புறம் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில் 9 வருடமுமாக இரண்டு நாட்டு நூலகங்களிலும் நிறைய நேரம் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லண்டன் போய்ச் சேர்ந்தது ஒரு பிப்ரவரி மாதம். மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டு ஹீட்டரை நாள் முழுக்க ஓடவிட்டால் கட்டணம் தாங்காது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நூலகம் இருந்தது. குளிருக்கு ஒதுங்கலாம் என்றுதான் முதலில் உள்ளே போனேன். குழந்தைகள் பகுதியில் தரைவிரிப்பு, தாழ்வான பெட்டிகளில் படப் புத்தகங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது கவுண்டரில் இருந்த அம்மாவிடம் "டெபாசிட் எவ்வளவு?" என்று கேட்டேன். நம் ஊரில் காப்புத் தொகை கட்டித்தான் உறுப்பினர் ஆகியிருந்தேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மறுபடி விளக்கிச் சொன்னதும், அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லி எனக்கு ஓர் அட்டையும் மகளுக்குத் தனியாக ஓர் அட்டையும் கொடுத்தார். மூன்று வயதுப் பிள்ளை தன் பெயர் போட்ட அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்து வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தில் இது சட்டக் கடமை. 1964ல் வந்த பொது நூலகங்கள், அருங்காட்சியகங்கள் சட்டம், ஊரின் நூலகச் சேவை முழுமையாகவும் திறம்படவும் நடக்க வேண்டும் என்று உள்ளாட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த ஊரில் வசிப்பவர், வேலை பார்ப்பவர், படிப்பவர் எல்லோருக்கும் இந்தச் சேவை சேரும். அச்சுப் புத்தகத்தைக் கடன் கொடுக்கப் பணம் வாங்கக் கூடாது. டிவிடிக்கோ, புத்தகத்தை முன்பதிவு செய்யவோ, நகல் எடுக்கவோ சிறு கட்டணம் இருக்கலாம். உள்ளாட்சி மன்றத்துக்கு (கவுன்சில் என்பார்கள்) மக்கள் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸும் மத்திய அரசின் மானியமும்தான் முக்கிய வருமானம்.

இதன் வேர் 1850ம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. வில்லியம் யூவர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்கள், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி போட்டு நூலகம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். உழைக்கும் ஜனங்கள் படித்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அப்போது நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே இருந்தது. 1855ல்தான் வரி ஒரு பென்னி ஆனது, புத்தகம் வாங்கவும் அனுமதி கிடைத்தது. இடையில் 1852ல் மான்செஸ்டரில் பெரிய இலவச நூலகம் திறந்தபோது சார்லஸ் டிக்கன்ஸ் மேடையில் இருந்தார்.

இங்கிலாந்து முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு விஷயம், எழுத்தாளருக்குப் போகும் பணம். 1979ல் அதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு புத்தகம் நூலகத்தில் இரவல் போகும் ஒவ்வொரு தடவைக்கும் சில பென்ஸ் கணக்கிட்டு அரசே எழுத்தாளருக்குத் தருகிறது. ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 6,600 பவுண்ட். அதனால் பெரிய பெயர்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. வாசகரிடம் வாங்காமல் எழுத்தாளருக்குக் கொடுப்பது எவ்வளவு நியாயமான ஏற்பாடு! அமெரிக்காவில் இது கிடையாது.

குரோய்டன் எங்கள் வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரம். அந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவை அங்கே போனபிறகுதான் தெரிந்துகொண்டேன். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அந்தத் தொழிலைப் படிக்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்த பெர்விக் சேயர்ஸ்தான் குரோய்டன் நூலகங்களின் தலைமை நூலகர். அவருடைய உதவியோடு அங்கே நேரில் வேலை கற்றுக்கொண்டார், மற்ற ஊர் நூலகங்களையும் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் அலமாரி வரை போய்த் தாங்களே புத்தகம் எடுப்பதைக் கண்ட மனிதர், ஊர் திரும்பி 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதை நூலகங்களுக்கான தன் முதல் விதியாக எழுதினார். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய விடாத உழைப்பு முக்கியக் காரணம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம் அல்லவா, அது அந்தச் சட்டத்தில் வந்ததுதான். ஆக, உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பாதியை நாம் ஊரிலேயே பல வருடங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வருத்தமான பக்கமும் உண்டு. 2010க்குப் பிறகு மானியம் குறைந்து, இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன அல்லது தன்னார்வலர் கைக்குப் போயின. வடமேற்கு லண்டனில் கென்சல் ரைஸ் நூலகத்தை 1900ல் திறந்துவைத்தவர் மார்க் ட்வைன். 2011ல் அதை மூட முடிவானபோது அந்தப் பகுதி மக்கள் வாசலிலேயே காவல் நின்றார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். வழக்கில் தோற்றாலும் விடவில்லை. பல வருடம் கழித்து, தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய நூலகமாக அதே கட்டடத்தில் அது திரும்பி வந்தது. சட்டத்தில் கடமை என்று எழுதியிருந்தாலும் எத்தனை கிளை, எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான்.

அமெரிக்காவில் நடைமுறையே வேறு. நாடு முழுமைக்குமான ஒரு கட்டாயச் சட்டம் அங்கே இல்லை. ஏறத்தாழ 9,000 பொது நூலக அமைப்புகள், ஒவ்வொன்றும் தன் ஊரின் சொத்து. பெரும்பகுதிப் பணம் உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. ஒஹாயோவில் மாநில அரசு ஒரு பங்கு தரும். போதவில்லை என்றால் நூலகம் மக்களிடம் வந்து நிற்க வேண்டும். 'லெவி' என்பார்கள். தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டிலேயே கேள்வி இருக்கும்: நூலகத்துக்காக இத்தனை மில் சொத்து வரி, இத்தனை வருடத்துக்கு, சம்மதமா? புதிதாகப் போடும் வரி என்றால், இந்த மாநிலக் கணக்கில் ஒரு மில் என்பது ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடம் 35 டாலர்.

நாங்கள் வந்த இரண்டாம் வருடம் எங்கள் ஊரில் இந்த வாக்கெடுப்பு நடந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டி தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை, கண் பார்வையும் குறைந்துவிட்டது. அவர் வீட்டுப் புல்வெளியில் நூலகத்துக்கு ஆதரவுப் பலகை நட்டிருந்தது. நீங்கள் நூலகம் போய் நான் பார்த்ததில்லையே, உங்கள் வரிதானே கூடும் என்று கேட்டேன். "உன் பெண் போகிறாளே" என்றார். எனக்கு இங்கே வாக்கு கிடையாது, இன்றுவரை இல்லை. என் மகள் படிக்கும் புத்தகத்துக்காக அந்தப் பாட்டி தன் வரியைத் தானே உயர்த்திக்கொண்டார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

சில ஊர்களில் லெவி தோற்பதும் உண்டு. தோற்றால் ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்திவிடும், ஆள் குறையும். நூலகத்தை நடத்தும் அறங்காவலர் குழுவில் இருப்பவர்கள் அதே ஊர்க்காரர்கள். குழுக் கூட்டத்துக்கு யாரும் போகலாம், எழுந்து பேசலாம். வாக்கு இல்லாத நானும் ஒரு தடவை பேசியிருக்கிறேன், மாலை நேரக் கதை வகுப்பு வேண்டும் என்று.

அழகான பழைய நூலகக் கட்டடத்தை எங்கேயாவது பார்த்தால் கார்னகி பெயர் இருக்கிறதா பாருங்கள். ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் நெசவாளி மகனாகப் பிறந்து அமெரிக்காவில் எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரர் ஆனவர் ஆண்ட்ரூ கார்னகி. சிறுவயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருக்கு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் வாராவாரம் தன் சொந்தப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். அந்த நன்றியை மறக்காமல் உலகம் முழுக்க 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அவற்றில் ஏறக்குறைய 1,680 அமெரிக்காவில், 660 பிரிட்டன், அயர்லாந்தில். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். நிலத்தை ஊர் தர வேண்டும், அவர் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் ஊரே பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். ஊர் கைவிட்டால் கட்டடம் மட்டும் நின்று பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் என்பது அமெரிக்காவில் எல்லோருக்குமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் நூலகத்தின் வாசல் மேல் 'அனைவருக்கும் இலவசம்' என்று கல்லில் செதுக்கியிருக்கிறது. தெற்கு மாநிலங்களிலோ கறுப்பின மக்களும் வரி கட்டினார்கள், ஆனால் முதன்மை நூலகத்துக்குள் நுழைய முடியாது. 1961 மார்ச் 27ம் தேதி மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் டுகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர், வெள்ளையர் மட்டும் போகும் நூலகத்துக்குள் போய், மேசையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். இன்று என் மகள் எந்தத் தடையும் இல்லாமல் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள்.

தாமதக் கட்டணம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் அது போய்விட்டது. 2019ல் சிகாகோ நீக்கியது, 2021ல் நியூயார்க் நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் நீக்கின. புத்தகத்தைத் தொலைத்தால் மட்டும் விலை கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சிலுக்கு கவுன்சில் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சமயம் மார்பில் ஒரு கட்டி வந்து பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தேன். வீட்டில் யாரையும் பயமுறுத்த வேண்டாம் என்று நூலகத்தில் அது பற்றிய புத்தகங்களைத் தேடினேன். நான் எடுத்த பட்டியலை என் கணவர் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கி நூலகரிடம் கேட்டேன். முடியாது, உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பதிவு அழிந்துவிடும் என்றும் சொன்னார். அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. என் கட்டி சாதாரணக் கட்டிதான். ஆனால் அந்த மூன்று வாரம் எனக்குத் துணை இருந்த இடம் நூலகம்.

பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் தங்கள் மாணவர்களுக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் யாருக்குமே புத்தகத்தை வெளியே விடாத மரபு கொண்டது. 1645ல் மன்னர் முதலாம் சார்லஸ் கேட்டபோதே மறுத்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்திலும் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆராய்ச்சிக்குத் தேவை என்றால் வாசகர் அட்டை இலவசமாகவே கிடைக்கும். பிரிட்டனில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சட்டப்படி அங்கே போய்ச் சேர வேண்டும்.

போன முதல் வாரமே பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் கோடை வாசிப்புச் சவால் என்று ஒன்று நடக்கும். விடுமுறையில் வழக்கமாக ஆறு புத்தகம் படித்தால் சான்றிதழும் பதக்கமும் தருவார்கள், தவறவிடாதீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கக் கணினி, ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு, அமெரிக்காவில் வரிப் படிவம் என எது வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தமிழ்ப் புத்தகமும் கேளுங்கள். லண்டனில் எங்கள் கிளையிலேயே ஒரு தமிழ் அலமாரி இருந்தது. ஒஹாயோவில் அந்த வசதி இல்லை. ஆனால் 1967ல் இதே மாநிலத்தில் கல்லூரி நூலகங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு ஒன்று வளர்ந்து, இன்று உலக நூலகங்களின் அட்டவணையையே ஒன்றாக்கி வைத்திருக்கிறது. ஒரு பழைய நாவலின் பெயரைத் தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நூலகர் அந்த அட்டவணையில் எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினார். மூன்று வாரத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் புத்தகம் வந்துவிட்டது. எனக்கு ஒரு காசு செலவில்லை. தாள் பழுப்பேறி, கெட்டி அட்டை போட்டுத் தைத்திருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் கடைசியாக விழுந்த முத்திரை 1987. அதற்கு அப்புறம் அதைத் திறந்தவள் நான்தான்.