19 வருடம் கழித்து ஸ்பைக் லீயும் டென்சலும்: கேள்வி பதில்

பொங்கோல் தம்பி: அண்ணே, ‘ஹையஸ்ட் 2 லோவஸ்ட்’ இவங்க ரெண்டு பேரும் சேர்ந்த எத்தனையாவது படம்?

ஐந்தாவது, தம்பி. எல்லாமே ஸ்பைக் லீ இயக்கி, டென்சல் வாஷிங்டன் நடித்தவை. 1990-ல் ‘மோ பெட்டர் ப்ளூஸ்’, 1992-ல் ‘மால்கம் எக்ஸ்’, 1998-ல் ‘ஹி காட் கேம்’, 2006-ல் ‘இன்சைட் மேன்’. அதற்கப்புறம் 2025-ல்தான் இது.

ஜூரோங் அக்கா: கதை என்ன? முடிவைச் சொல்லிடாதீங்க.

சொல்ல மாட்டேன்க்கா. டென்சல் நியூயார்க்கில் ஒரு பெரிய இசைக் கம்பெனி முதலாளி. மகனைக் கடத்திவிட்டோம், 17.5 மில்லியன் டாலர் கொடு என்று ஃபோன் வருகிறது. பார்த்தால் கடத்தப்பட்டது டிரைவரின் மகன். கம்பெனி கைவிட்டுப் போகாமல் இருக்கத் திரட்டிய பணத்தை அடுத்தவர் பிள்ளைக்காகக் கொடுப்பாரா? அதுதான் கதை.

தெம்பனிஸ் நண்பர்: பழைய ஜப்பான் படத்தின் ரீமேக்காமே? அதை முதலில் பார்க்கணுமா?

கட்டாயம் பாருங்கள். அகிரா குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’, 1963. அதற்கு மூலம் எட் மெக்பெய்ன் 1959-ல் எழுதிய நாவல். இயக்குநர் குரோசாவாவும் நடிகர் டோஷிரோ மிஃபூனேவும் சேர்ந்து 16 படம் செய்தவர்கள், ஆக அதுவும் கூட்டணிப் படம்தான்.

அதில் மிஃபூனே காலணிக் கம்பெனியின் பெரிய அதிகாரி. பணப் பெட்டிக்குள் போலீஸ் ஒரு பொருளை மறைத்துத் தைக்க வேண்டும். மிஃபூனே பேசாமல் எழுந்துபோய், தொழில் பழகிய காலத்துத் தோல் கருவிகளை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து தானே தைப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

அப்புறம் ரயில். ஓடும் ரயிலிலிருந்து பணப் பெட்டியை வெளியே போடணும். நம்ம சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மாதிரியே அதிலும் ஜன்னல் திறக்காது. கழிவறை ஜன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். பெட்டி அதற்குள் நுழைகிற கனத்தில்தான் இருக்கணும் என்று கடத்தல்காரன் முன்பே கணக்குப் போட்டிருப்பான். ஸ்பைக் லீ அந்தக் காட்சியை யாங்கி மைதானத்துக்குப் போகும் 4-ம் எண் ரயிலில் வைக்கிறார். ரயிலுக்குள் பேஸ்பால் ரசிகர்களின் கூச்சல், கீழே தெருவில் போர்ட்டோ ரிக்கோ திருவிழா, மேடையில் லத்தீன் இசைக் கலைஞர் எடி பால்மியேரியின் இசை. ஊரே அந்தக் காட்சியில் நடிக்கிறது.

உட்லண்ட்ஸ் தம்பி: ஸ்பைக் லீ எடுத்தால் மட்டும் டென்சல் எப்படி வேற மாதிரி தெரியறார்?

நடிகரையும் கேமராவையும் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றி நகர்த்துவது ஸ்பைக் லீயின் முத்திரை. ஆள் மிதந்து போவது போலத் தெரியும். ‘மால்கம் எக்ஸ்’ கடைசியில் டென்சல் நடக்கவே மாட்டார், சாவை நோக்கித் தெரு அவரை இழுத்துக்கொண்டு போகும். ‘இன்சைட் மேன்’-இல் பிணைக்கைதியைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்ததும் அதே மிதப்பு, இம்முறை கோபத்தில். கை காலை அசைக்காமல் முகத்தை மட்டும் கொடுக்க, இயக்குநர் மேல் அவ்வளவு நம்பிக்கை வேண்டும். ஒரே படத்தில் அது வராது.

தேக்கா அண்ணன்: நம்ம ரஹ்மான் பாட்டு வந்தது இவங்க படத்துலதானே?

ஆமாண்ணே, ‘இன்சைட் மேன்’ தொடக்கத்திலேயே ‘சைய்யா சைய்யா’ வரும். நமக்கு அது ‘உயிரே’ படத்து ‘தைய்யா தைய்யா’. நியூயார்க் வங்கிக் கொள்ளைக்கு ஊட்டி ரயில் பாட்டு! 2006-ல் தியேட்டரில் அது ஒலித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து, கூட வந்த சீன நண்பர் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

ஈசூன் தங்கை: புதுப் படம் எங்கே பார்க்கலாம்?

ஆப்பிள் டிவியில்மா. முதல் பாதியில் பின்னணி இசை வசனத்தின் மேலேயே ஏறி உட்காரும், எனக்கு அது பிடிக்கவில்லை. பொறுத்துக்கொண்டு ரயில் வரை வந்துவிடுங்கள்.