தேவாங்குத் துப்பறிவாளருக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். சிறுவர்களுக்காக ஒரு துப்பறியும் கதை எழுதியிருக்கிறேன். ஒரு தேவாங்கும் ஒரு கீரியும் கப்பலேறிச் சிங்கப்பூர் போய், காணாமற்போன கிளியைத் தேடுகின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் படம் வரைகிறார். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் 'கொப்பிரைட்' பதியாவிட்டால் கதையைக் களவெடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, ஒருவர் 25,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இலங்கையில் கதைக்குப் பதிப்புரிமை, அதாவது அவர் சொல்லும் 'கொப்பிரைட்', பெற எங்கும் பதிய வேண்டியதில்லை. அப்படியொரு பதிவு முறையே இங்கு இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 வருடங்களும் அது நிற்கும். சட்டம் வந்து இத்தனை காலமாகியும் இந்த ஒரு வரியை ஊரறியச் சொல்ல அரசாங்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. தரகர்கள் பிழைப்பதே அதில்தான்.

அப்படியானால் அவர் எதைப் பதிந்து தருவார்? பெரும்பாலும் வியாபாரக் குறிக்கு விண்ணப்பம் போட்டு, அந்தப் பற்றுச்சீட்டை நீட்டுவார். அது பெயருக்கும் சின்னத்துக்கும் உரியது, கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இல்லாவிட்டால் சென்னையில் யாரோ எடுத்த சான்றிதழின் போட்டோக்கொப்பியைக் காட்டுவார். இந்தியாவில் பதிப்புரிமைப் பதிவு இருக்கிறது, உண்மைதான். அங்கேயும் அது கட்டாயமில்லை. ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்ற பேர்ண் சமவாயத்தில் இரண்டு நாடுகளும் இருப்பதால், உங்கள் புத்தகம் சென்னைக் கடைக்குப் போனாலும் பதிவில்லாமலே பாதுகாப்பு உண்டு.

களவுப் பயத்துக்கு வருவோம். விலங்குகள் துப்பறிவதும் வெளிநாடு போவதும் யாருடைய சொத்துமில்லை. சட்டம் யோசனையைக் காப்பதில்லை, நீங்கள் அதை எழுதிய விதத்தைத்தான் காக்கும். நாளைக்கே தெஹிவளையில் ஒருவர் ஒரு மரநாயை லண்டனுக்கு அனுப்பி மோதிரம் தேட வைத்தால், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வசனங்களை அப்படியே எடுத்துப் போட்டால் வழக்கு வைக்கலாம். நீங்கள் எழுதியதற்கு ஆதாரமாகக் கையெழுத்துப் பிரதியை எறியாமல் வையுங்கள். கதையின் கணினிக் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்புங்கள். பதிவுத் தபாலில் தனக்குத்தானே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் அலுமாரியில் பூட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தபால் கந்தோருக்கு வருமானம், வேறென்ன.

என்னை யோசிக்க வைப்பது நீங்கள் கேட்காத விஷயம்: படங்கள். கதை உங்களுடையது, ஆனால் அந்தத் தேவாங்கின் முழிக்கண்ணும் கீரியின் தொப்பியும் வரைந்தவருடையவை. காசு கொடுத்துவிட்டேனே என்பீர்கள். காசு கொடுத்ததால் மட்டும் உரிமை கைமாறாது. எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" என்று வந்ததை நம்பி இரண்டாம் பதிப்புக்குப் போகாதீர்கள். இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓவியர் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்து, வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை (அச்சிட்டு விற்கும் உரிமை) முதலாளிக்குத்தான் போகும். அப்போது ஓவியரிடம் வாங்கிய கையெழுத்து பிரயோசனப்படாது, முதலாளியின் கையெழுத்து வேண்டும். அதே ஓவியர் இரவில் வீட்டிலிருந்து, தன் சொந்த நேரத்தில் உங்களுக்காக வரைந்திருந்தால், திரும்பவும் அவருடைய கையெழுத்து. ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள்: எங்கே வேலை, எந்த நேரத்தில் வரைகிறீர்கள்? உரிமையை எழுதி வாங்கினாலும், புத்தகத்தில் அவர் பெயரைப் போடாமல் விடாதீர்கள்.

ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நீங்களே கேட்டு எடுங்கள். இலங்கை எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். சில அச்சகத்தார் "எங்களிடம் நம்பர் மிச்சம் இருக்கு" என்பார்கள். அதைப் போட்டால் பதிவேட்டில் வெளியீட்டாளர் அவர்தான். அந்த எண்ணும் உரிமைப் பத்திரமல்ல, புத்தகத்தை அடையாளம் காண்பதற்கு மட்டுமே.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். எத்தனை படங்கள், என்ன தொகை, எந்த உரிமை, அச்சுக்கு மட்டுமா மின்னூலுக்குமா என்பதை எழுதுங்கள். ஓவியருக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தையும் அந்தத் தாளையும் ஒரே நாளில் கைமாற்றுங்கள்.