ராத்திரிச் சாப்பாடும் நெஞ்செரிச்சலும்

கேள்வி: மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வயது 44. கடையடைத்துவிட்டுச் சாப்பிட ராத்திரி பத்தரை ஆகிவிடும். பெரும்பாலும் பரோட்டா, சால்னாதான். பதினொன்றுக்குப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரிகிறது, புளிப்புத் தண்ணீர் தொண்டை வரை ஏறுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ஒரு வருடமாகப் படுக்கும்போது பான்டோபிரசோல் 40 போடுகிறேன். பாதிதான் கேட்கிறது. மாத்திரையை மாற்ற வேண்டுமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும், அதைப் போடும் நேரத்தை முதலில் மாற்றுங்கள். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைப்பதுதான் பான்டோபிரசோலின் வேலை. சாப்பிடும்போதுதான் அந்தப் பம்புகள் மும்முரமாக இயங்கும். அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். பரோட்டாவுக்குப் பின்னால் போனால் பாதிதான் கேட்கும்.

அடுத்தது அந்தப் பத்தரை மணி. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம் போல ஒரு தசை உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது அடிக்கடி தளரும். எண்ணெய்ச் சாப்பாடோ இரைப்பையை விட்டு லேசில் இறங்காது. இந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலே வரத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடையை முன்கூட்டி அடைக்கச் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஏழரை மணிக்கு யாரையாவது கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த இட்லியைக் கடையிலேயே சாப்பிட்டுவிடலாமே. பரோட்டாவை விடச் சொல்லவில்லை, ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், பலனில்லை. இடது பக்கமாகப் படுப்பதும் நல்லது. தொப்பை இருந்தால் சில கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். சிகரெட், மதுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவையும் காரணம்தான்.

அவசரத்துக்கு ஆன்டாசிட் ஜெல் குடிக்கலாம். நுரைத்து வரும் பவுடர்களில் சோடியம் அதிகம், பிபி இருந்தால் வேண்டாம். நாள் முழுக்க நின்ற முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடுகிறீர்களா? அது வயிற்றைப் புண்ணாக்கும்.

ஒரு வருடம் சுயமாக மருந்து சாப்பிட்டது போதும், டாக்டரைப் பாருங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

இன்னொன்று. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடைத்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலோ, ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலும் வரும்.

பான்டோபிரசோலைத் திடீரென நிறுத்தினால் எரிச்சல் சில வாரம் கூடுதலாகவே இருக்கலாம். எப்போது, எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். போகும்போது, சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அம்லோடிபின் போன்ற சில பிபி மருந்துகளே முன்பு சொன்ன அந்த வளையத் தசையைத் தளர்த்தும்.